காயம்பட்ட மானைப் பின்தொடர்வது எப்படி, எல்லைக்கல்லில் நிற்பது எப்படி: நெல்லைச் சீமைக்கான முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதக் காலையில், எங்கள் ஊரில் இருபது பேர் சேர்ந்து ஒரு பிணைமானைக் கொன்றோம். யாரும் அதை அடிக்கவில்லை, கல் எறியவும் இல்லை. நாய் கடித்த மானைப் பிடித்து மருத்துவரிடம் சேர்த்துவிட வேண்டும் என்று பின்னால் ஓடினோம். அது மூன்று வேலிகளைத் தாண்டி, ஒரு பருத்திக் காட்டைக் குறுக்கே கடந்து, கடைசியில் ஓர் உடைமரத்தடியில் கால்களை மடக்கிப் படுத்தது. மாலைக்குள் இறந்துவிட்டது. உடற்கூறு பார்த்த கால்நடை மருத்துவர் பின்தொடையில் இருந்த கடிவாயைக் காட்டினார். இரண்டு பல் பதிந்த இடம், உள்ளங்கை அகலம்கூட இல்லை. “இந்தக் காயத்தில் மான் சாகாது. ஓட்டத்தில்தான் செத்திருக்கிறது” என்றார்.

அன்று முதல் வனத்துறை ஊழியர்களிடமும், ஆடு மேய்க்கும் பெரியவர்களிடமும், பாபநாசம் மலையில் பிறந்து வளர்ந்த காணி இனத்து நண்பர் ஒருவரிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றதை இங்கே எழுதுகிறேன். கங்கைகொண்டான், மானூர், தாழையூத்து, வல்லநாடு, களக்காடு, அம்பாசமுத்திரம் எனக் காட்டை ஒட்டி வாழும் எல்லோருக்கும் என்றாவது ஒரு நாள் இது தேவைப்படும்.

வேட்டைக்காரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். கொல்வது மட்டும் வேட்டை என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணி வைப்பது, பிடிப்பது, நஞ்சு வைப்பது, விரட்டுவது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்டை நடந்தது சரணாலயத்துக்குள் என்றாலும், பட்ட விலங்கு வெளிமானைப் போல முதல் அட்டவணையில் இருந்தாலும் தண்டனை குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. நல்ல எண்ணத்தோடு ஓடினாலும், கும்பலாக மானை விரட்டுபவர்களைப் பார்க்கிறவருக்கு வேட்டைக் கூட்டம் போலத்தான் தெரியும்.

நம் பக்கத்து மான்கள்

நெல்லையிலிருந்து மதுரை போகும் நான்குவழிச் சாலையில் கங்கைகொண்டானை ஒட்டி 2013-இல் புள்ளிமான் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 288 எக்டேர்தான் அதன் பரப்பு. ஒரு பக்கம் சாலை, இன்னொரு பக்கம் ரயில் பாதை, சுற்றிலும் தொழிற்சாலைகளும் மானாவாரி நிலங்களும். கோடையில் தண்ணீருக்கு வெளியே வரும் மானுக்கு நாயும் லாரியும் திறந்த கிணறும் காத்திருக்கின்றன. தூத்துக்குடிச் சாலையில் வல்லநாட்டு மலை வெளிமான்களின் இடம். அது 1987 முதல் சரணாலயம். மேற்கே மலையடிவாரத்தில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இருக்கிறது. 1988-இல் அமைந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கிருந்து மிளா என்னும் கடமானும் புள்ளிமானும் வயலுக்கு இறங்கும். எந்த மான் என்று தெரிந்து சொன்னால் வருகிறவர்கள் அதற்கேற்ற வலையோடும் ஆட்களோடும் வருவார்கள். மிளா குதிரைக்குட்டி உயரம் நிற்கும். அதை நான்கு பேர் பிடிக்க முடியாது.

முதல் வேலை: தொலைபேசி

மானைப் பார்த்ததும் கால்கள் ஓடத்தான் துடிக்கும். நின்று, கைப்பேசியை எடுங்கள். உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தின் எண்ணும், வனவர் அல்லது வனக்காப்பாளரின் எண்ணும் இன்றைக்கே உங்களிடம் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் கிடைக்கும். எண் கைவசம் இல்லாத நேரத்தில் 112-ஐ அழையுங்கள். மான் கிணற்றில் விழுந்திருந்தால் தீயணைப்பு மீட்புப் படைக்கு 101.

சொல்ல வேண்டியவை: ஊர், தெரிந்தால் புல எண், பார்த்த நேரம், எந்தத் திசையில் போனது, எந்தக் காலை ஊன்றவில்லை, காயம் நாயாலா வண்டியாலா கண்ணியாலா, அங்கே எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள். “ஒரு மான் அடிபட்டுக் கிடக்கிறது” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டால், ஜீப் அரைமணி நேரம் ஊரைச் சுற்றும்.

அடுத்து நாய்களைக் கட்டுங்கள். ஊர் நாய்களைக் கட்ட முடியாவிட்டால் இரண்டு பேர் நின்று அவற்றை ஊர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள். தடம் பார்க்க இரண்டு பேர் போதும், மூன்றாவது ஆள் சாலையில் நின்று ஜீப்புக்கு வழிகாட்டட்டும். அரிவாள், கம்பு, கயிறு எதுவும் கையில் வேண்டாம்.

காத்திருத்தல்

இதுதான் எல்லோருக்கும் கடினமான படி. காயம்பட்ட மான் முதலில் மூச்சுமுட்ட ஓடும். பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்தால், சற்றுத் தொலைவிலேயே ஒரு மறைவைப் பார்த்துப் படுத்துவிடும். பெரும்பாலும் வந்த வழியைப் பார்த்தபடியே படுக்கும். துரத்தினால் எழுந்து எழுந்து ஓடும். உயிர்ப்பயத்தில் ஓடும் மானின் தசைகள் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கிறது. அந்த நேரம் தப்பித்துவிட்டது போலத் தெரியும் மான் சில மணி நேரம் கழித்தோ, சில நாள் கழித்தோ விழுந்து சாகும். எங்கள் பிணைமானுக்கு நடந்தது அதுதான்.

வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில்கூட இந்தப் பொறுமை உண்டு. வயிற்றில் குண்டு பட்ட மானை மணிக்கணக்கில் விட்டுவைத்துத்தான் தேடப் போகிறார்கள். ஜெர்மனியில் இதற்கென்றே பழக்கிய நாயை நீளக் கயிற்றில் கட்டி அழைத்துப் போவார்கள். காயம்பட்ட மான் பக்கத்து வேட்டைப் பகுதிக்குள் போய்விட்டால் என்ன செய்வது என்று, அங்கே உரிமை உள்ளவரோடு முன்கூட்டியே உடன்பாடு எழுதி வைத்துக்கொள்கிறார்கள். கொல்லப் போகிறவர்களே அவ்வளவு பொறுமையாக இருக்கும்போது, காப்பாற்ற நினைக்கும் நாம் அரைமணி நேரம் நிற்கலாம்.

தடம் பார்த்தல்

கடைசியாக மான் நின்ற இடத்துக்கு, சத்தம் போடாமல், பக்கவாட்டிலிருந்து வாருங்கள். அங்கே ஒரு செடியிலோ கல்லிலோ துணித்துண்டு ஒன்றைக் கட்டிவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து விரற்கடை அகலத் துண்டுகளாகப் பையில் வைத்திருக்கிறேன்.

தடத்தின் மேல் நடக்காதீர்கள். ஓரடி தள்ளி, தடத்துக்கு இணையாக நடக்க வேண்டும். ஒருவர் கடைசி அடையாளத்தில் அசையாமல் நிற்க, மற்றவர் அடுத்த அடையாளத்தைத் தேட வேண்டும். அது கிடைத்த பிறகே முதலாமவர் நகர வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாக முன்னே போனால், தடம் அறுந்த இடம் எது என்று இருவருக்கும் தெரியாது.

குளம்பைப் பாருங்கள். நம் ஊரில் எங்கே பார்த்தாலும் ஆட்டுத் தடம்தான், குழப்பம் அங்கேதான் தொடங்கும். ஆட்டுக் குளம்பின் நுனி மழுங்கலாகவும் அகலமாகவும் பதியும். மான் குளம்பு ஒடுக்கமாக, நுனி கூராகப் பதியும். கூரான பக்கம்தான் போன திசை. ஓடிய மானின் இரண்டு பிளவும் விரிந்து, பின்னால் சிறுகுளம்பின் இரண்டு புள்ளிகளும் மண்ணில் விழும். நடந்த மானுக்குப் பிளவுகள் சேர்ந்தே இருக்கும். தடம் விரிந்த நிலையிலிருந்து சேர்ந்த நிலைக்கு மாறும் இடம் நல்ல செய்தி: மான் ஓட்டத்தை நிறுத்தியிருக்கிறது, படுக்க இடம் தேடுகிறது. சரள் மண்ணில் குளம்பு பதியாது. அங்கே புரண்ட கல்லைத் தேடுங்கள். புரண்ட கல்லின் அடிப்பக்கம் ஈரமாகவோ நிறம் கருத்தோ இருக்கும். ஒரு கால் மட்டும் கோடு போல இழுபட்டிருந்தால் அந்தக் கால் உடைந்திருக்கலாம். வண்டியில் அடிபட்ட மானிடம் இதைப் பார்க்கலாம்.

இரத்தம் பேசும் மொழி வேறு. பளிச்சென்று சிவந்து, சிறு குமிழிகளோடு இருந்தால் நுரையீரலில் அடி. கருஞ்சிவப்பாக இருந்தால் தசையிலோ ஈரலிலோ. பச்சை நிற இலைச்சாறு போலக் கலந்து நாற்றம் வந்தால் குடல் கிழிந்திருக்கிறது. முதல் வகையையும் மூன்றாம் வகையையும் கண்டால் மேலே போகாமல் நின்று, வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள். அந்த மானுக்கு மருத்துவர்தான் தேவை, பின்தொடர்பவர் அல்ல. நடந்துகொண்டே சிந்திய துளிக்கு ஒரு பக்கம் வால் போல நீளும். வால் நீளும் பக்கம் மான் போன பக்கம். வட்டமாகச் சொட்டுச் சொட்டாக ஒரே இடத்தில் கிடந்தால் அங்கே நின்றிருக்கிறது. சோளத்தட்டையிலோ புல்லிலோ உங்கள் முழங்கால் உயரத்தில் தீற்றியிருந்தால் காயம் காலில். இடுப்புக்குச் சற்றுக் கீழே என்றால் உடம்பில்.

வெயில் காலத்தில் இரத்தம் கொஞ்ச நேரத்தில் காய்ந்து காவி நிறமாகி, மண்ணோடு மண்ணாகிவிடும். எனக்கு அதைக் காட்டித் தந்தது எறும்புதான். கீழே குனிந்து, எறும்புகள் திட்டாகக் கூடிய இடங்களைப் பாருங்கள். ஒரு முறை ஓடைக் கரையில் பதினைந்து அடி தூரத்துக்கு எந்த அடையாளமும் இல்லை. ஒரு தட்டைப் பாறையின் விளிம்பில் கடுகளவு மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் கட்டெறும்பு வளையம். அங்கிருந்து தடம் மறுபடியும் தொடங்கியது. அதே பாறையின் மறுபக்கத்தில் பெரிய சிவப்புக் கறை ஒன்றும் இருந்தது. அது யாரோ துப்பிய வெற்றிலை எச்சில். செங்கல் நிறம், நடுவில் பாக்குத் தூள். அதைப் பார்த்துத் திசை மாறியவர்களை நான் அறிவேன்.

இருட்டிவிட்டால் நிறுத்துங்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரவில் அடுத்தவர் காட்டில் நடப்பவரை வேட்டைக்காரர் என்றுதான் காவலுக்குப் படுத்திருப்பவர் நினைப்பார். கடைசி அடையாளத்தில் துணியைக் கட்டிவிட்டு, அதை வனக்காப்பாளரிடம் சொல்லிவிட்டு வீடு திரும்புங்கள்.

எல்லைக்கல்

மானுக்கு வரப்பு தெரியாது. நமக்குத் தெரியும். தடம் அடுத்தவர் நிலத்துக்குள் போகும் இடத்தில் நிற்க வேண்டும் என்பதை நான் மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அனுமதி கேட்க ஆகும் அந்த அரைமணி நேரம், மான் படுத்து மூச்சு வாங்கத் தேவையான அதே அரைமணி நேரம். வேலியைத் தாண்டி ஓடிய நாங்கள் மானுக்குக் கொடுக்காத நேரம் அது.

எது யாருடைய நிலம் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் பார்க்கலாம். உங்கள் நிலத்தைச் சுற்றியுள்ள புல எண்களையும் அவற்றுக்கு உரியவர்களின் தொலைபேசி எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பம்புசெட் அறைச் சுவரில் ஒட்டிவைத்தால், மானுக்கு மட்டுமல்ல, தீப்பிடித்தாலும் உதவும்.

பட்டா நிலம் என்றால் உரியவரிடம் கேளுங்கள். நம் பக்கத்தில் பாதி நிலத்துக்காரர்கள் சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறார்கள். அப்படியென்றால் அவரிடமும், குத்தகைக்குப் பயிர் செய்பவரிடமும் கேளுங்கள். நிலம் அவருடையது என்றாலும், நீங்கள் மிதிக்கப்போகும் உளுந்து இவருடையது. நான் பேசுவது இப்படி:

“அண்ணாச்சி, நாய் கடித்த புள்ளிமான் ஒன்று உங்கள் விளைக்குள் போயிருக்கிறது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறார்கள். நானும் தம்பியும் மட்டும் உள்ளே வந்து தடம் பார்க்கலாமா? எந்தப் பக்கமாக வரட்டும்?”

ஒரு முறை வந்த பதில் இது: “தாராளமாக வாருங்கள் தம்பி. ஆனால் வடக்கு வரப்பிலேயே நடங்கள், உளுந்து பூத்து நிற்கிறது. கிழக்கு மூலையில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு கிடக்கிறது, அந்தப் பக்கம் மானை நெருக்கிவிடாதீர்கள்.” அந்தக் கிணறு இருப்பது எனக்குத் தெரியாது. கருவைப் புதர் மூடிக் கிடந்தது. கேட்காமல் போயிருந்தால் மானையோ தம்பியையோ அதில் இழந்திருப்போம்.

மறுத்துவிட்டால் வாதாடாதீர்கள். எல்லையில் துணியைக் கட்டி, வனத்துறையினர் வந்ததும் காட்டுங்கள். மேற்கொண்டு பேச வேண்டியவர்கள் அவர்கள். மறுத்தவரிடம், “மான் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.

அனுமதி கிடைத்த நிலத்தில் வேலியை வெட்டக் கூடாது. படலைத் திறந்தால் மூட வேண்டும். உள்ளே ஆட்டுக்கிடை போட்டிருந்தால் கிடையை நடத்தும் கீதாரியிடம் முதலில் பேசுங்கள், கிடைநாய் உங்களையும் மானையும் பிரித்துப் பார்க்காது. வேலியில் கம்பி ஓடினால் தொடாதீர்கள். திருட்டுத்தனமாக நேரடி மின்சாரம் பாய்ச்சிய கம்பியாக இருக்கலாம். மான் அதன் அருகே விழுந்து கிடந்தால் நெருங்காமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழைத்து மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

குளம், ஓடை, மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவற்றில் நடக்கலாம். தொழிற்சாலை, காற்றாலை வளாகம் என்றால் வாயிற்காவலரிடம் சொல்லிக் காத்திருங்கள். காப்புக்காட்டின் எல்லைக் கற்குவியலையோ சரணாலயத்தின் பலகையையோ கண்டால் அங்கே உங்கள் வேலை முடிந்தது. அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது குற்றம். அதைவிட, மான் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டது என்பதே அதற்கு நல்லது.

மான் கண்ணில் பட்டதும்

ஐம்பது அடிக்குக் குறையாமல் விலகி உட்காருங்கள். மான் தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்துக் காதை விறைத்தால் இன்னும் பின்வாங்குங்கள். படம் எடுக்க நெருங்க வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பாசம் தண்ணீர்ச் செம்பைத்தான் முதலில் தேடும், ஆனால் அது நுரையீரலுக்குள் போய்விடும். மஞ்சள், சாம்பல், மண்ணெண்ணெய் எதையும் காயத்தில் தடவாதீர்கள்.

வனத்துறை ஊழியர்கள் வந்து உதவி கேட்டால் மட்டும் கை கொடுங்கள். அவர்கள் முதலில் ஓர் இருண்ட துணியால் மானின் கண்களை மூடுவார்கள். பார்வை மறைந்தால் பதற்றம் குறையும். மான் அசை போடும் விலங்கு. மல்லாக்கவோ ஒருக்களித்தோ நெடுநேரம் கிடத்தினால் வயிறு உப்பி மூச்சடைக்கும். நெஞ்சை ஊன்றி, கால்களை மடக்கி, தலையை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். ஆண்மான் என்றால் கொம்பின் வீச்சுக்கு வெளியே நில்லுங்கள். பேச்சு வேண்டாம். மனிதக் குரல் அதற்குக் கடிநாயின் குரைப்பைப் போன்றதுதான்.

இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆட்டோவில் ஏற்றினால் அரைமணியில் போய்விடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். வனத்துறை இல்லாமல் மானை ஏற்றிச் சென்றால் வழியில் அது செத்தாலும் சிக்கல், பிழைத்தாலும் சிக்கல்.

நாய் கடித்த மானைத் தொட்டவர்கள், அதன் எச்சிலோ இரத்தமோ பட்டவர்கள், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய் வந்த பிறகு மருந்து இல்லை.

இறந்துவிட்டால்

காட்டு விலங்கு அரசின் உடைமை. உங்கள் நிலத்தில் செத்துக் கிடந்தாலும் அப்படித்தான். அது உங்கள் வசம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய வனத்துறை அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் சொல்வது, 48 நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். உடலை நகர்த்தாதீர்கள், புதைக்காதீர்கள், கொம்பைத் தொடாதீர்கள். “வீணாகத்தானே போகிறது” என்று யாராவது கத்தியோடு வந்தால் தடுத்து நிறுத்துங்கள். ஒரு துண்டு இறைச்சிக்காக ஊரே காவல் நிலையத்தில் நிற்க நேரும்.

கழுத்திலோ காலிலோ சுருக்குக் கம்பி இருந்தாலும், வாய் சிதைந்து அவுட்டுக்காய் (இரைக்குள் மறைத்துவைக்கும் நாட்டு வெடி) வெடித்த அடையாளம் தெரிந்தாலும், அது சாட்சியம். சுற்றியுள்ள செருப்புத் தடத்தையும் மிதிக்காமல் காத்து, வனவரிடம் காட்டுங்கள். ஒரு கண்ணி இருந்தால் அந்த வேலியோரம் இன்னும் பல இருக்கும். அடுத்த நாள் அவர்களோடு சேர்ந்து வேலியை முழுக்க நடந்து பாருங்கள்.

எல்லாம் முடிந்த பின்

மானை ஏற்றிய ஜீப் போனதும் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். உங்களுக்கு இரண்டு வேலைகள் மீதம் இருக்கின்றன. அனுமதி கொடுத்த நிலத்துக்காரரைக் கூப்பிட்டு என்ன ஆனது என்று சொல்லுங்கள். பயிர் மிதிபட்டிருந்தால் அதையும் நீங்களே சொல்லுங்கள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்து, கட்டிய துணித்துண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொள்ளுங்கள். விட்டுவைத்தால் மறுநாள் ஆடு மென்று விழுங்கும். எண்ணிக் கட்டியிருந்தால் எண்ணி எடுக்கலாம். நான் பையில் பன்னிரண்டு துண்டுகள் வைத்திருக்கிறேன்.